பேரிடரில் யார் சொன்னால் நம்புவோம்?

2004 டிசம்பர் 30, வியாழக்கிழமை. ஆழிப்பேரலை வந்து நான்கு நாள் ஆகியிருந்தது. நாகப்பட்டினத்தில் இன்னும் மணலுக்கும் இடிபாட்டுக்கும் அடியிலிருந்து உடல்களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அன்று கடல் மறுபடியும் பொங்கப்போகிறது என்று செய்தி பரவியது. பிழைத்துக் கிடந்தவர்கள் கையில் கிடைத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நிவாரணத்துக்கு வந்தவர்களும் ஓடினார்கள். அந்தச் செய்தி டீக்கடையில் பிறந்ததல்ல. டெல்லியில் உள்துறை அமைச்சகம் அனுப்பிய எச்சரிக்கை அது. அமெரிக்காவின் ஒரு தனியார் நிறுவனம் சொன்னதை வைத்து அனுப்பியிருந்தார்கள். சில மணி நேரத்தில் அறிவியல் துறை அமைச்சர் கபில் சிபல் அதற்கு எந்த அடிப்படையும் இல்லை என்று மறுத்தார். அலை வரவில்லை.

டிசம்பர் 26 அன்று அலை வந்தபோது எந்த எச்சரிக்கையும் வரவில்லை. எச்சரிக்கை வந்தபோது அலை வரவில்லை. இந்த இரண்டையும் ஒரே வாரத்தில் பார்த்த ஒருவரிடம் போய் "அதிகாரபூர்வமான தகவலை மட்டும் நம்புங்கள்" என்று சொன்னால் அவர் என்ன நினைப்பார்?

பேரிடர் காலத்தில் வதந்திகளும் சதிக்கதைகளும் ஏன் பரவுகின்றன என்று கேட்டால், மக்களுக்கு விவரம் போதாது, வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் நம்பிவிடுகிறார்கள் என்ற பதில் தயாராக இருக்கிறது. அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. நிபுணர்கள்மீது மக்களுக்கு வரும் அவநம்பிக்கைக்குப் பெரும்பாலும் ஒரு கணக்கு இருக்கிறது. தாமதமாக வந்த அறிவிப்பு, மறைத்துவைத்த அறிக்கை, பொய்யாகிப்போன ஆறுதல் எல்லாம் அதில் பற்று எழுதப்பட்டிருக்கும். அந்த அவநம்பிக்கையில் முளைக்கும் சதிக்கதையோ கடைசியில் உண்மையான குற்றவாளியைத்தான் தப்பவிடுகிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் இந்த விஷயத்தைப் பேச முடியாது என்றே நினைக்கிறேன்.

இடர் வந்ததும் "யாரால் வந்தது" என்று கேட்பது பழைய வழக்கம். 1755 நவம்பர் 1-ஆம் தேதி லிஸ்பன் நகரம் நிலநடுக்கத்தில் இடிந்து தீயில் எரிந்தது. அது ஊரின் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்று மலக்ரீதா என்ற ஏசு சபைத் துறவி எழுதினார். நகரைத் திரும்பக் கட்ட முனைந்த அமைச்சர் பொம்பாலுக்கு அது பெரிய இடைஞ்சலாக இருந்தது. நம் ஊரிலும் ஒன்று நடந்திருக்கிறது. 1934 ஜனவரி 15 அன்று பீகாரிலும் நேபாளத்திலும் பூமி குலுங்கிப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். காந்தி அப்போது தீண்டாமை ஒழிப்புப் பயணமாகத் தென்னிந்தியாவில் இருந்தார். திருநெல்வேலியில் பேசும்போது, இது தீண்டாமை என்ற பாவத்துக்கு இறைவன் அளித்த தண்டனை என்றார். தாகூர் அதைக் கடுமையாக மறுத்து எழுதினார். மண்ணின் அசைவுக்கும் மனிதரின் அறத்துக்கும் முடிச்சுப் போட்டால், நாளை இன்னொருவர் வேறொரு பாவத்தைக் காட்டி அதே முடிச்சைப் போடுவார் என்பதுதான் அவருடைய கவலையின் சாரம். காந்தி அந்த மறுப்பைத் தம் 'ஹரிஜன்' இதழிலேயே வெளியிட்டார். காந்தியின் நோக்கம் உயர்ந்தது. ஆனாலும் இந்த விஷயத்தில் தாகூரின் பக்கம்தான் நான் நிற்பேன். அதற்குக் காரணம் தோக்கியோ.

1923 செப்டம்பர் 1, பகல் 11.58. சமையல் நேரம். அடுப்புகள் கவிழ்ந்து தீ பிடித்துப் பலத்த காற்றில் நகரமே எரிந்தது. காண்டோ நிலநடுக்கத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அன்று மாலைக்குள் ஒரு பேச்சு கிளம்பியது. கொரியர்கள் தீ வைக்கிறார்கள், கிணற்றில் விஷம் கலக்கிறார்கள் என்றது அது. கொரியா அப்போது ஜப்பானின் குடியேற்ற நாடு. கூலி வேலைக்கு வந்திருந்த ஏழைக் கொரியர்கள் தோக்கியோவின் ஓரங்களில் வாழ்ந்தார்கள். தெருவுக்குத் தெரு காவல் குழுக்கள் மூங்கில் ஈட்டியும் வாளும் ஏந்தி நின்றன. வருகிறவரை நிறுத்தி "ஜூகோ என், கோஜுஸ் ஸென்" என்று சொல்லச் சொன்னார்கள். பதினைந்து யென் ஐம்பது சென் என்று பொருள். சொல்லின் தொடக்கத்தில் வரும் ஜகர ஒலி கொரிய நாவில் வேறு ஒலியாகத் திரியும். நாக்கு பிறழ்ந்தவர் அங்கேயே கொல்லப்பட்டார். ஆயிரக்கணக்கில் கொன்றார்கள். ஆறாயிரத்துக்கு மேல் என்ற கணக்கும் உண்டு. ஃபுகுதா என்ற கிராமத்தில், வேறு மாகாணத்திலிருந்து மருந்து விற்க வந்த ஜப்பானியர்களையே பேச்சு வேறுமாதிரி இருக்கிறது என்று சந்தேகித்து ஒன்பது பேரைக் கொன்றார்கள்.

இந்த வதந்தியைப் பரப்பியதில் அரசுக்கும் பங்கு உண்டு. கொரியர்கள் தீ வைக்கிறார்கள், கவனமாக இருங்கள் என்று உள்துறை அமைச்சகத்தின் தந்தியே ஃபுனபாஷி கடற்படை வானொலி நிலையத்திலிருந்து மாகாணங்களுக்குப் போனது. பிறகு வதந்தியை நம்ப வேண்டாம் என்று காவல் துறையே துண்டறிக்கை விட்டது. அதற்குள் நடக்க வேண்டியது நடந்து முடிந்திருந்தது. நூறு ஆண்டுக்குப் பிறகும் ஜப்பானில் இது முடியாத வழக்குதான். கொல்லப்பட்ட கொரியர்களுக்காக ஆண்டுதோறும் நடக்கும் நினைவுக் கூட்டத்துக்குத் தோக்கியோ ஆளுநர்கள் அஞ்சலிச் செய்தி அனுப்பிவந்தார்கள். 2017 முதல் அது நின்றுபோனது.

இன்றைய சதிக்கதைகளில் மிகப் பெரியது வானிலையை ஆயுதமாக்குகிறார்கள் என்பது. புயல், வெள்ளம், நிலநடுக்கம் எது வந்தாலும் அலாஸ்காவில் இருக்கும் 'ஹார்ப்' என்ற ஆய்வு நிலையத்தைக் கைகாட்டுகிறார்கள். ககோனா என்ற ஊரில் 180 ஆன்டெனாக்கள் கொண்ட ஒரு வயல் அது. 3.6 மெகாவாட் ரேடியோ அலையை மேலே அனுப்பி, சுமார் 60 கிலோமீட்டருக்கு மேலே இருக்கும் அயனி மண்டலத்தை ஆராய்கிறார்கள். மழையும் காற்றும் நடப்பது தரையிலிருந்து பதினைந்து, பதினாறு கிலோமீட்டருக்குள். ஒரு முழுப் புயலில் நீராவி மழையாக மாறும்போது வெளிப்படும் வெப்பம் உலகத்தின் மொத்த மின் உற்பத்தித் திறனைப்போல 200 மடங்கு என்பது அமெரிக்கப் புயல் ஆய்வாளர்களின் கணக்கு. மூன்றரை மெகாவாட்டை வைத்து அதை ஆட்ட முடியாது.

ஆனால் இந்தக் கதைக்கு ஒரு விதை இருக்கிறது, அது உண்மையான விதை. 1947 அக்டோபரில் 'சிர்ரஸ்' திட்டத்தின் பெயரில் அமெரிக்க ராணுவமும் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனமும் அட்லாண்டிக்கில் ஒரு புயலுக்குள் உலர்பனியைத் தூவின. கடலுக்குள் போய்க்கொண்டிருந்த புயல் திரும்பி வந்து ஜார்ஜியாவின் சவானா நகரைத் தாக்கியது. தூவுவதற்கு முன்பே புயல் திரும்பத் தொடங்கிவிட்டது என்று பிறகு தெரிந்தது. 1906-இல் இன்னொரு புயல் எந்தத் தூவலும் இல்லாமலே ஏறக்குறைய அதே வழியில் வந்திருந்ததையும் கண்டுபிடித்தார்கள். ஆனால் சவானாக்காரர்களின் கோபம் அதற்கு முன்பே பிறந்துவிட்டது. அடுத்தது இன்னும் கொடியது. 1967 முதல் 1972 வரை வியட்நாம் போரில், ஹோ சி மின் பாதையைச் சேறாக்குவதற்காக அமெரிக்க விமானங்கள் ரகசியமாக மேகத்தில் வெள்ளி அயோடைடைத் தூவின. 'பாப்பை' என்று பெயர் வைத்திருந்தார்கள். பத்திரிகைகள் வெளியே கொண்டுவந்த பிறகு, 1977-இல் சுற்றுச்சூழலைப் போர்க்கருவியாக்கக் கூடாது என்று ஒரு பன்னாட்டு ஒப்பந்தமே போட வேண்டிவந்தது. ஆக, அரசு வானத்தில் ஏதோ செய்கிறது, செய்வதை மறைக்கிறது என்று ஒருவர் நினைத்தால் அதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. அந்த ரகசியத்தின் அளவு தெரியாததால்தான் அது கற்பனையில் இவ்வளவு பெரிதாகிறது. மேகத்தில் தூவினால், ஏற்கெனவே மழை தரத் தயாராக இருக்கும் மேகத்திலிருந்து கொஞ்சம் கூடுதலாகக் கறக்கலாம். இல்லாத மேகத்தை உருவாக்க முடியாது. புயலையே அடக்கப் பார்த்த 'ஸ்டார்ம்ஃபியூரி' திட்டம் 1962-இல் தொடங்கி 1983-இல் பயனில்லை என்று மூடப்பட்டது.

2024 ஏப்ரல் 16 அன்று துபாய் மூழ்கியபோதும் மேகத்தில் தூவியதால்தான் என்றார்கள். நம் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வேலை பார்க்கும் ஊர் என்பதால் தமிழ்நாட்டு வீடுகளிலும் இதே பேச்சுதான். அல் ஐன் பகுதியில் ஓரிடத்தில் ஒரு நாளுக்குள் 254 மில்லிமீட்டர் பெய்தது. அந்த நாட்டில் 75 ஆண்டுப் பதிவில் அப்படி ஒரு மழை இல்லை. ஐக்கிய அரபு அமீரகம் பல ஆண்டுகளாக மேகத்தில் தூவுவது உண்மை. ஆனால் அதே மழைத்தொகுதி பக்கத்து ஓமானில் முன்பே புகுந்து, பள்ளிப் பிள்ளைகள் உட்பட இருபது பேரளவில் பலிவாங்கியிருந்தது. பெருமழை வரும் என்று கணிப்பு மாதிரிகள் பல நாள் முன்பே காட்டின. பாலைவனத்தில் வடிகால் இல்லாமல் நகரம் கட்டியதைப் பற்றி அந்த வாரம் பேசியவர்கள் குறைவு.

அதே ஆண்டு செப்டம்பர் கடைசியில் ஹெலீன் புயல் அமெரிக்காவின் வடக்குக் கரோலினா மலைப்பகுதியைப் புரட்டிப் போட்டது. சிம்னி ராக் என்ற சிற்றூரின் லித்தியத்தைக் கைப்பற்ற அரசே புயலை ஏவியது என்று கதை கிளம்பியது. ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் "அவர்களால்" வானிலையைக் கட்டுப்படுத்த முடியும் என்று எழுதினார். உடனடிச் செலவுக்காகக் கொடுக்கும் 750 டாலர்தான் மொத்த உதவியே என்றும், அதை வாங்கினால் வீடு போய்விடும் என்றும் சொன்னார்கள். உதவி தேவைப்பட்டவர்கள் விண்ணப்பிக்கப் பயந்தார்கள். மிரட்டல் பேச்சு வந்ததால் மத்தியப் பேரிடர் முகமையின் பணியாளர்கள் சில இடங்களில் வீடு வீடாகப் போவதை நிறுத்திவைத்தார்கள். ஆயுதத்தோடு ஒருவர் கைதானார். வானிலை அறிவிப்பாளர்களுக்குக் கொலை மிரட்டல் வந்தது. அப்பகுதியின் குடியரசுக் கட்சி உறுப்பினர் சக் எட்வர்ட்ஸ், வானிலையை யாராலும் கட்டுப்படுத்த முடியாது என்று சொந்தக் கட்சிக்காரர்களின் பேச்சுக்கே மறுப்பு அறிக்கை விட வேண்டியிருந்தது. அவர் அதைச் செய்தது பெரிய காரியம். எதிர்க்கட்சிக்காரர் நூறு முறை மறுத்தாலும் எடுபடாதது, தன் பக்கத்து ஆள் ஒரு முறை மறுத்தால் எடுபடும்.

சதிக்கதை யாரைக் காப்பாற்றுகிறது என்று பார்க்க இரண்டு இடங்கள் போதும். 2023 பிப்ரவரி 6 அன்று துருக்கியிலும் சிரியாவிலும் 7.8 அளவு நிலநடுக்கம். துருக்கியில் மட்டும் 53,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 'ஹார்ப்' தான் செய்தது என்று காணொளிகள் ஓடின. கோள்களின் நிலையை வைத்து மூன்று நாள் முன்பே சொன்னேன் என்ற ஒரு நெதர்லாந்துக்காரர் பெரும் புகழ் பெற்றார். தேதி, இடம், அளவு மூன்றையும் சொல்லி நிலநடுக்கத்தை முன்கூட்டிக் கூறும் வழி இன்றுவரை யாரிடமும் இல்லை. மறுபக்கம் நடந்தது என்ன? விதிமீறிக் கட்டிய கட்டடங்களுக்குப் பணம் வாங்கிக்கொண்டு பொது மன்னிப்பு வழங்கும் சட்டங்களைத் துருக்கி அரசுகள் திரும்பத் திரும்பக் கொண்டுவந்தன. கடைசியாக 2018-இல். அமெரிக்க ஆன்டெனாவைக் குற்றவாளியாக்கினால், கம்பியைக் குறைத்த ஒப்பந்தக்காரரும் முத்திரை குத்திய அதிகாரியும் படத்திலேயே இல்லை.

ஹவாயின் லஹைனா ஊர் 2023 ஆகஸ்ட் 8-இல் எரிந்து 102 பேர் இறந்தபோதும் இதேதான். லேசர் ஆயுதத்தால் எரித்தார்கள், பணக்காரர்களுக்கு நிலம் கிடைக்க எரித்தார்கள் என்றார்கள். காலையில் அறுந்து விழுந்த மின்கம்பியால் பிடித்த தீ அணைந்துவிட்டதாக நினைத்து விட்டுவிட்டுப் போக, பிற்பகலில் பெருங்காற்றில் அது மறுபடி பற்றியது என்று விசாரணை அறிக்கை சொன்னது. கரும்புத் தோட்டங்கள் கைவிட்ட நிலத்தில் மண்டிய காய்ந்த அந்நியப் புல்லும், கடைசிவரை ஒலிக்காத சங்கும் அதில் சேர்ந்தன. இதையெல்லாம் கேட்டு வழக்குப் போடலாம், ஆளைப் பதவியிறக்கலாம். லேசருக்கு எதிராக யார்மீது வழக்குப் போடுவது? ஹவாய்ப் பூர்வகுடிகள் நிலத்தை இழந்த வரலாறு உண்மையானது என்பதால் அந்தப் பயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். அந்தப் பயத்துக்குத் தவறான முகவரி கொடுத்ததுதான் என் மனக்குறை.

இனி நிபுணர்களின் பக்கத்துக்கு வருகிறேன். இத்தாலியின் லாக்விலா நகரத்தில் 2009 தொடக்கத்தில் மாதக்கணக்காகச் சிறு சிறு அதிர்வுகள் இருந்தன. ஜுலியானி என்ற தொழில்நுட்பர் ரேடான் வாயுவை அளந்து, பெரிய அதிர்வு வரும் என்று பீதி கிளப்பிக்கொண்டிருந்தார். அவருக்கு அறிவியல் ஆதாரம் இல்லை. ஊரை அமைதிப்படுத்த மார்ச் 31 அன்று நிபுணர் குழு கூடியது. கூட்டத்துக்கு முன் குடிமைப் பாதுகாப்புத் துறையின் துணைத் தலைவர் தொலைக்காட்சியில் பேசினார். சிறு அதிர்வுகளால் சக்தி வெளியேறிக்கொண்டிருக்கிறது, ஆபத்தில்லை என்று அறிவியலாளர்கள் சொல்வதாகச் சொன்னார். அப்படியானால் ஒரு கிளாஸ் ஒயின் குடிக்கலாமா என்ற கேள்விக்கு, குடிக்கலாம் என்று ஊர் ஒயினின் பெயரையே சொன்னார். சிறு அதிர்வு பெரியதைத் தணித்துவிடும் என்பது அறிவியல்படியே தவறு.

அந்த ஊரில் பழைய பழக்கம் ஒன்று உண்டு. இரவில் அதிர்ந்தால் பெரியவர்கள் பிள்ளைகளுக்குப் போர்வையைச் சுற்றிக் கூட்டிக்கொண்டு சதுக்கத்துக்குப் போய்விடுவார்கள், விடியும்வரை அங்கேயே இருப்பார்கள். ஏப்ரல் 5 இரவு பதினொரு மணிவாக்கில் ஓர் அதிர்வு வந்தது. நிபுணர்கள் சொல்லிவிட்டார்களே என்று பலர் வீட்டிலேயே படுத்தார்கள். அதிகாலை 3.32-க்குப் பெரியது வந்தது. 309 பேர் இறந்தார்கள். 2012-இல் ஆறு அறிவியலாளர்களுக்கும் அந்த அதிகாரிக்கும் ஆறாண்டுச் சிறை என்று தீர்ப்பானது. நிலநடுக்கத்தை முன்கூட்டிச் சொல்லாததற்காக அறிவியலாளர்களைத் தண்டிக்கிறார்கள் என்று உலகமெங்கும் கண்டனம் எழுந்தது. குற்றச்சாட்டு அதுவல்ல. அளவுக்கு மீறி ஆறுதல் சொன்னதுதான் வழக்கு. 2014-இல் மேல்முறையீட்டில் அறிவியலாளர்கள் விடுதலையானார்கள், அதிகாரிக்குத் தண்டனை இரண்டாண்டாகக் குறைந்தது. என்னைக் கேட்டால் சிறைத் தண்டனை தவறு. ஆனால் பாட்டன் காலத்துப் போர்வையை மடித்து வைக்கச் சொன்னது யார் என்று பிள்ளையை இழந்தவர் கேட்ட கேள்வி சரியானது. பொய்த் தீர்க்கதரிசியை முறியடிக்கும் அவசரத்தில், தங்களுக்குத் தெரியாது என்ற ஒன்றை மட்டும் நிபுணர்கள் சொல்லாமல் விட்டார்கள்.

சென்னையில் 2015 டிசம்பர் முதல் வாரத்தை எங்கள் தெருவில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள். அடையாற்றங்கரையில் இருந்தவர்களுக்கு எவ்வளவு தண்ணீர், எத்தனை மணிக்கு, எந்தத் தெருவரை என்று சொல்ல ஆளில்லை. மின்சாரம் போய் இரண்டாம் நாள், மொட்டைமாடியில் பாலுக்காகவும் செய்திக்காகவும் காத்திருந்தோம். யாரோ பைக்கில் சார்ஜ் போட்ட செல்போனில் ஒரு செய்தி வந்தது. சென்னைக்கு இதைவிடப் பெரிய மழை வருகிறது என்று நாசா சொல்லியிருக்கிறதாம். முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்று இன்னொன்று. நாசா அப்படி ஒன்றும் சொல்லவில்லை. முதலைகள் எங்கும் போகவில்லை என்று பண்ணைக்காரர்கள் அறிவித்தார்கள். அன்று மாடியில் அதைச் சொன்னேன். பக்கத்து வீட்டு அம்மா, எழுபது வயதிருக்கும், ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டே கேட்டார்: "ஏம்ப்பா, நேத்து தண்ணி வருதுன்னு நம்ம ஊர்க்காரன் ஒருத்தன் வந்து சொல்லியிருந்தா, நான் எதுக்கு நாசாக்காரனை நம்பப்போறேன்?" என்னிடம் பதில் இல்லை. 2018-இல் தணிக்கைத் துறை அறிக்கை அந்த வெள்ளத்தை மனிதரால் விளைந்த பேரிடர் என்று எழுதியபோது அவரைத்தான் நினைத்துக்கொண்டேன்.

ஒக்கி இதைவிட ஆழமான காயம். 2017 நவம்பர் 30 அன்று அது புயல் என்று அறிவிக்கப்பட்டபோது குமரிக் கரையில் காற்று ஏற்கெனவே மரங்களைச் சாய்த்துக்கொண்டிருந்தது. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஊர்களின் விசைப்படகுகள் நாள்கணக்கில் கடலிலேயே தங்கித் தொழில் செய்பவை. அவற்றுக்குச் செய்தி சொல்ல வழியே இல்லை. அதற்கு முந்தைய அறிவிப்புகளில் இருந்தது 'காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்'. அந்தச் சொல்லைக் கேட்டு யாரும் வலையைச் சுருட்டுவதில்லை. துறைமுகத்தில் எத்தனாம் எண் கூண்டு ஏறியிருக்கிறது என்பதுதான் கரையின் மொழி. டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத் தண்டவாளத்தில் ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்தார்கள். அவர்கள் கேட்டது தேடும் கப்பல்களும் இறந்தவர் கணக்கும். அதை வதந்தி என்று ஒதுக்க முடியுமா?

அவநம்பிக்கை தீராத நோயும் அல்ல. 1970 நவம்பரில் ஒரே புயலில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை இழந்த வங்கதேசம், 1972-இல் புயல் ஆயத்தத் திட்டத்தைத் தொடங்கியது. இன்று எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொண்டர்கள் இருக்கிறார்கள். அந்தந்த ஊர்க்காரர்களே கொடி ஏற்றி, கைச் சங்கைச் சுழற்றி, ஒலிபெருக்கியில் சொல்கிறார்கள். 1999-இல் பத்தாயிரம் பேரளவில் இழந்த ஒடிசா, 2019-இல் ஃபானி வந்தபோது 12 லட்சம் பேரைக் கிளப்பியது. அவர்கள் போய்த் தங்கிய புயல் காப்பகங்களில் பல, மற்ற நாளில் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடங்கள். தெரிந்த இடம், தெரிந்த ஆள் என்பதால் போனார்கள்.

இதற்கு நம் கரையிலேயே ஓர் ஊர் இருக்கிறது. புதுச்சேரிக்குத் தெற்கே நல்லவாடு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஒரு கிராம அறிவு மையம் வைத்திருந்தது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரத்தை எடுத்து, இன்று கடல் எப்படி இருக்கும் என்று ஒலிபெருக்கியில் சொல்வார்கள். அதைக் கேட்டு, தங்கள் கண்ணால் கடலைப் பார்த்து, சரியா தப்பா என்று அளந்து பழகியவர்கள் அந்த ஊர் மீனவர்கள். 2004 டிசம்பர் 26 காலையில் சிங்கப்பூரில் வேலை பார்த்த ஊர்ப் பையன் ஒருவர் தொலைக்காட்சியில் செய்தி பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டார். இங்கே தண்ணீர் உள்ளே வருகிறது என்றார்கள். ஓடுங்கள் என்றார். ஞாயிற்றுக்கிழமை, மையம் பூட்டியிருந்தது. கதவை உடைத்து உள்ளே போய் ஒலிபெருக்கியைப் போட்டு ஊருக்குச் சொன்னார்கள். வீடுகள் போயின, படகுகள் போயின. மூவாயிரத்து அறுநூறு பேர் வாழ்ந்த ஊரில் ஓர் உயிர்கூடப் போகவில்லை.